கயிறு என் கையில் இருந்தது

ஜூன் 18

அன்புள்ள அக்கா,

சுண்டு எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமா? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ராத்திரி டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லையா?

சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை வரவேற்றுப் பேச, பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்தார் தமிழ் டீச்சர். என் கட்டுரைகள் அவருக்குப் பிடிக்கும். எனக்குத் திக்கும் என்று சொன்னேன். மேடை ஏறினால் சரியாகிவிடும் என்றார். ஏறினேன். ‘வணக்கம்’ என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், என் வாயில் அந்த ஓர் எழுத்து முள் மாதிரி நிற்கிறது. பக்கத்தில் நின்ற மாணவர் தலைவி மைக்கை என் கையிலிருந்து வாங்கி, மீதியை அவளே படித்து முடித்தாள்.

அதுவரைக்கும் உதவி என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சின்மேல் ஏறி, கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, என்னைச் செய்து காட்டினாள். கண் சுருங்குவது, கழுத்து நரம்பு புடைப்பது, தோள் தூக்குவது எல்லாம். அப்படியே நான்தான். கூடம் முழுக்கச் சிரித்தது. சாதம் பரிமாறுகிற அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இப்போது மாடிப்படி, குளியலறை, எங்கே போனாலும் ‘வ... வ... வ...’ என்பதுதான் என் பெயர்.

ஞாயிறு போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது. வார்டன் பக்கத்திலேயே இருப்பார். அதோடு போனில் என் வாய் இன்னும் மோசம். காகிதத்தில்தான் நான் திக்குவதில்லை.

அக்கா, அவள் அழ வேண்டும். எல்லார் முன்னாலும். வேறொன்றும் எனக்கு வேண்டாம். நீ கெட்டிக்காரி, வழி சொல். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் சுண்டு

*

ஜூன் 27

என் சுண்டுவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். வீக்கம் வடிந்துவிட்டது, வாய்தான் வடியவில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று நாள் முழுக்க என்னைக் கேட்கிறார், நான்தான் அங்கே உட்கார்ந்து உனக்கு ஊட்டுகிற மாதிரி.

உன் கடிதத்தை எக்ஸ்ரே அறையில் வைத்துப் படித்தேன். வெளியே மணிக்கட்டு உடைந்த ஒருவர் காத்திருந்தார். கவனம் சிதறியதில் அவருக்கு இரண்டாவது முறையும் படம் எடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு கொதித்தது எனக்கு.

அந்தப் பெண்ணுக்கு இன்றிலிருந்து மகாராணி என்று பெயர் வைக்கிறேன். பெயர் இருந்தால்தான் திட்ட வசதி.

அப்பா இருந்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்து பள்ளிக்கூடத்தை இரண்டாக்கியிருப்பார். இப்போது அந்த இடத்தில் நான் இருக்கிறேன். ஆனால் எனக்கு அவரைவிடப் பொறுமை அதிகம், அதுதான் மகாராணியின் கெட்ட காலம். நீ சண்டை போடாதே. வார்டனிடம் போகாதே. அவள் முன்னால் அழவும் அழாதே. அவளை நன்றாகப் பார். எதற்குச் சிரிக்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், யாரைக் கண்டால் குரல் மாறுகிறது. எந்த எலும்பு எங்கே பலவீனம் என்று பார்ப்பது என் பிழைப்பு. கொஞ்ச நாளைக்கு உன் பிழைப்பும் அதுதான். கண்டுபிடித்து எழுது.

உன்னைத் தொட்டவளை நான் சும்மா விடமாட்டேன். இதை நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூலை 21

அன்பு அக்கா,

நான் நலம், இந்த முறை பாதி உண்மை. அங்கே வெயில் எப்படி? அம்மாவிடம் நான் இரண்டு கிலோ கூடியிருப்பதாகச் சொல், சந்தோஷப்படட்டும்.

நீ சொன்னபடி மகாராணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்த அளவுக்கு வேதியியலைப் பார்த்திருந்தால் முதல் மதிப்பெண் வாங்கியிருப்பேன். அவசர அவசரமாகச் சாப்பிடுவாள். சுவர்ப் பக்கம் திரும்பித்தான் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா போன் செய்வார். அவர் வக்கீல். போனில் பேசும்போதுகூட நேரில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று, ஒரு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்வாள்.

இதெல்லாம் நமக்கு உதவாது. உதவுகிற விஷயம் ஒன்று கிடைத்திருக்கிறது. மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கமே அவள் வருவதில்லை. துணி காயப்போட வேறு யாரையாவது அனுப்புகிறாள். உயரம் என்றால் அவளுக்கு நடுக்கம்.

இப்போது கேள். ஆகஸ்டில் எங்கள் வகுப்பு முழுவதையும் மலைக்கு சாகச முகாம் கூட்டிப்போகிறார்கள். பாறை ஏறுவது, ஆறு கடப்பது, கூடாரத்தில் தங்குவது. கடைசி வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கப் பழக வேண்டுமாம், பி.டி. மாஸ்டர் பிரார்த்தனைக் கூட்டத்தில் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். ஆறு பேர் ஒரு குழு. அதில் இரண்டிரண்டு பேர் ஜோடி. சீட்டுக் குலுக்கிப் போட்டார். என் ஜோடி யார் தெரியுமா? சீட்டை விரித்ததும் அவளும் நானும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தோம். முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறோம்.

பாறை ஏறும்போது ஒருத்தி ஏறுவாள், அவள் கயிற்றை மற்றவள் கீழே நின்று பிடித்திருப்பாள்.

உன் சுண்டு

*

ஜூலை 30

சுண்டுக்கண்ணே,

இங்கே எல்லாரும் நலம். உன் எடைச் செய்தி கேட்டு அம்மா பக்கத்து வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசி வரியை நான் நாலைந்து முறை படித்தேன். நீ என் தங்கைதான், சந்தேகமில்லை.

விழவிடக் கூடாது. ஒரு கீறல்கூடப் படக் கூடாது. நான் தினமும் பார்க்கிற எலும்புகளில் அவளுடையதும் சேர வேண்டாம். கயிற்றை விடாதே, இறக்காமல் பிடித்துக்கொள், அவ்வளவுதான். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது என்று அவள் அந்தரத்தில் தொங்கட்டும். தொங்கும்போது எல்லாரும் பார்க்கட்டும். வாய்விட்டுக் கெஞ்சட்டும். அவசரப்படாதே, ருசித்துச் செய்.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். மலையில் குளிரும். காதை மூடிக்கொள்.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்கா,

நேற்று திரும்பி வந்தோம். நான் நலம், உள்ளங்கை இரண்டும் உரிந்திருக்கின்றன. நீயும் அம்மாவும் நலந்தானே? கம்பளிச் சட்டை உதவியது.

நீ காத்திருப்பாய், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். செய்துவிட்டேன்.

பாறை எங்கள் விடுதியைவிட உயரம். இடுப்பில் பட்டை, தலையில் ஹெல்மெட். ஏறுகிறவளின் கயிறு பாறை உச்சியில் ஒரு வளையம் வழியாகக் கீழே இறங்கி, என் இடுப்பிலுள்ள கொக்கிக்கு வரும். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தால் அவள் நிற்பாள், கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் இறங்குவாள். மகாராணியின் முறை வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. மறுத்தால் அசிங்கம் என்று ஏறினாள். எப்படியோ உச்சியைத் தொட்டும்விட்டாள். குழு கைதட்டியது. இறக்கத் தொடங்கினேன். பாதி வழியில் நிறுத்தினேன்.

பயிற்சியாளர் அடுத்த பாறைப் பக்கம் போயிருந்தார். எங்கள் குழுவின் மற்ற நாலு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் அவள் கீழே பார்க்காமல், இறக்கச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினாள். நான் அசையவில்லை. பிறகு கீழே பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அக்கா, அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா. அவள் கால்கள் பாறையில் பிடி தேடித் தேடி நழுவின. கயிறு என் கையில் இருந்தது.

வாயைத் திறந்தாள். ‘இ... இ... இ...’ என்றாள். ‘இறக்கு’ என்ற சொல் வரவில்லை.

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் தொங்கிக்கொண்டே என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. அந்தக் கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்த நரம்பு.

இறக்கிவிட்டேன். ஏன் இவ்வளவு நேரம் என்று பயிற்சியாளர் வந்து கேட்டார். ஓய்வெடுக்க நிறுத்தச் சொன்னதாக அவளே சொன்னாள்.

திட்டம் நிறைவேறியது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

சுண்டு

*

செப்டம்பர் 2

என் வீராங்கனைக்கு,

நாங்கள் நலம். உள்ளங்கைக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், தினமும் போடு.

கடிதத்தைப் படித்துவிட்டு, தனியாகச் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். பயத்தில் அவளுக்கே நாக்கு குழறியதா? நல்லது, நன்றாக வேண்டும்.

ஆனால் எனக்குத் தீரவில்லை சுண்டு. உன்னை அவள் கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு சிரிக்கவைத்தாள். நீ நாலு பேர் முன்னால் தொங்கவிட்டாய், அந்த நாலு பேரும் உன்னைத்தான் கேலி செய்கிறாள் என்று சிரித்திருக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்? இன்னும் அவள்தானே மாணவர் தலைவி? இன்னும் அந்த மேடையில்தானே நிற்கிறாள்?

நவம்பரில் பெற்றோர் தினம் வருகிறது. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வக்கீலும் வருவார் அல்லவா?

‘மற்றது’ என்று எதையோ பாக்கி வைத்திருக்கிறாயே, என்ன அது? எழுது.

அக்கா

*

அக்டோபர் 6

அக்கா,

தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. காலாண்டுத் தேர்வு. நான் நலம். அம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

மலைக்குப் போன எங்கள் ஆறு பேரையும் பள்ளியில் இப்போது ‘பாறைக் கூட்டம்’ என்கிறார்கள். சாப்பிடுவது, படிப்பது எல்லாம் ஒன்றாகத்தான். நூலகத்தில் ஜன்னலோர மேசையைப் பிடித்துவிட்டோம், வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. வேதியியல் எனக்கு ஒருத்தி சொல்லித் தருகிறாள். பதிலுக்கு அவள் கட்டுரைகளை நான் திருத்துகிறேன். என்னை இப்போது யாரும் ‘வ... வ...’ என்று கூப்பிடுவதில்லை.

நீ கேட்டிருந்த விஷயம் பழைய கதை. விட்டுவிடு.

பெற்றோர் தினத்துக்கு நீ வர வேண்டியதில்லை. லீவை வீணாக்காதே. அவ்வளவு தூரம் அலைந்து வந்து, ஒரு மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவதற்கு எதற்கு? அம்மாவுக்கும் தனியாக இருக்கச் சிரமம்.

சுண்டு

*

அக்டோபர் 15

சுண்டு,

நலமாக இருக்கிறோம். அம்மா மாத்திரை போடுகிறார், நான் எதிரில் நின்றால்.

ஒரு மாதம் கழித்து வந்த கடிதம் அரைப் பக்கம். ஆறு பேரைப் பற்றி எழுதியிருக்கிறாய், மகாராணி அந்த ஆறில் ஒருத்தி என்பது எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாயா? அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘விட்டுவிடு’ என்கிறாய். ‘வராதே’ என்கிறாய். அவள் அழ வேண்டும் என்று எழுதிய பெண் நீ.

வலிக்கவே இல்லை என்று சொல்கிறவர்களுக்குத்தான் எலும்பு விரிசல் விட்டிருக்கும், நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாறையில் நடந்ததை வைத்து அவள் உன்னை மிரட்டி வைத்திருக்கிறாள். புரிகிறது. நீ ஒன்றும் எழுத வேண்டாம். பயப்படவும் வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

வருகிறேன்.

அக்கா

*

நவம்பர் 21

அக்கா,

நலம் விசாரிக்கவில்லை. மனம் வரவில்லை.

பாக்கி வைத்த ‘மற்றது’ இதுதான்.

பாறையிலிருந்து இறங்கிய அன்று சாயங்காலம் சமையல் பாத்திரம் தேய்க்கும் முறை எங்கள் ஜோடிக்கு. ஓடையில் உட்கார்ந்து ஒரு பெரிய அண்டாவை ஆளுக்கொரு பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தோம். நான் வேண்டுமென்றேதான் நிறுத்தினேன் என்று சொன்னேன். தெரியும் என்றாள். பிறகு அண்டாவைப் பார்த்துக்கொண்டே, “ஏழு வயசு வரைக்கும் நானும் உன்ன மாதிரிதான் பேசுனேன்” என்றாள்.

அவள் அப்பா தினமும் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாராம். திக்கினால் மரஸ்கேலால் விரல் முட்டியில் அடி. திக்குவது ஒருவழியாக நின்றது. ஆனால் பயந்தால் திரும்பி வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். “உன்ன மேடையில பாத்ததும் எனக்குக் கைகால் ஓடல. அந்தப் பயத்த யார் தலையிலயாவது கட்டிடணும்னு இருந்துச்சு. உன் தலையிலயே கட்டிட்டேன்” என்றாள். மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் அதே பெஞ்சின்மேல் ஏறி, ‘நான் செய்தது கேவலம், இனி யாராவது அவளைக் கேலி செய்தால் என்னிடம் பேச வேண்டாம்’ என்று சொன்னதும் அவள்தான். எனக்கு வேதியியல் சொல்லித் தருகிறவளும் அவள்தான்.

இதை உனக்கு எழுதவில்லை. எப்படி எழுதுவது? உன் கோபத்தைக் கேட்டு வாங்கியவளே நான். அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வெட்கமாக இருந்தது.

நீ வந்தாய். பெற்றோர் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைமையாசிரியை கேட்டதும் எழுந்தாய். எவ்வளவு அழகாகப் பேசினாய் அக்கா. ஒரு சொல் தடுக்கவில்லை. கரண்டி, பெஞ்சு, சிரிப்பு எல்லாவற்றையும் நான் எழுதியபடியே சொன்னாய். இப்படிப்பட்டவளையா தலைவியாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாய். பக்கத்தில் நான் உன் புடவையைப் பிடித்து இழுத்தேன். ‘நிறுத்து’ என்று சொல்லப் பார்த்தேன். ‘நி’யைத் தாண்டவில்லை. நீ பேசி முடிக்கும்வரை ‘நி... நி...’ என்றே நின்றேன். நீ அதை அழுகை என்று நினைத்து என்னை அணைத்துக்கொண்டாய். கூட்டம் உச்சுக்கொட்டியது.

அவள் அப்பா முன்வரிசையிலிருந்து திரும்பி, உண்மையா என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, ‘ஆமாம்’ என்று சொல்ல வந்து, ‘ஆ... ஆ...’ என்றாள். இங்கேகூட நடித்துக் காட்டுகிறாளே, எவ்வளவு திமிர் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நடிப்பில்லை என்று அவருக்குத் தெரியும். அவர் முகம் கறுத்தது, அவள் செய்ததற்காக இல்லை அக்கா. அவள் திக்கியதற்காக.

அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பதவியும் போயிற்று. இனி வீட்டிலிருந்து தனித்தேர்வராக எழுதட்டும் என்றாராம். அவள் கட்டிலில் இப்போது மெத்தைகூட இல்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதாள். உனக்குத் திருப்திதானே?

*

டிசம்பர் 3

சுண்டு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அம்மா நலம். நான் எப்படியோ இருக்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. ஒரு வரி எழுதியிருக்கலாமே. ‘அவள் என் தோழி’ என்று மூன்று சொல். நான் அவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன். இதை எழுதிப் பார்த்து, கிழித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். ஏனென்றால் நீ எழுதியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா என்று தெரியவில்லை. எனக்கு அந்தக் கூடம் வேண்டியிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பேச்சைக் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒரு சின்னப் பெண் விலா எலும்பு உடைந்து வந்தாள். கூட வந்தவர் அப்பா. மூச்சைப் பிடிச்சுக்கோ, அசையாதே என்று வழக்கம்போல் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்தாள். படம் எடுத்து முடித்தும் விடவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை.

நான் வருகிறேன். அதே கூடத்தில் நின்று, தவறாகப் பேசிவிட்டேன் என்று சொல்கிறேன். அவள் வீட்டுக்கும் போகிறேன். விலாசம் எழுது.

அக்கா

*

ஜனவரி 19

அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ வர வேண்டாம். நீ பேசியது போதும். இந்த முறை நாங்கள் பேசினோம்.

பாறைக் கூட்டத்தில் மிச்சமிருந்த ஐந்து பேரும் தலைமையாசிரியையிடம் போனோம். அவர் எங்களைப் பி.டி. மாஸ்டரிடம் அனுப்பினார். தோள்கொடுக்கச் சொன்னீர்களே, கொடுக்க விடுங்கள் என்று கேட்டோம். அந்த மனிதர் உடனே பள்ளி வேனை எடுத்துவிட்டார்.

வக்கீல் வீட்டு முன்னறையில் கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலிகளில் எங்களை உட்காரவைத்தார். நான்தான் பேசுவேன் என்று மற்றவர்களிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஓடைக்கரையில் கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னேன். கேலி செய்ததை, மன்னிப்புக் கேட்டதை, கயிற்றை நான் பிடித்து நிறுத்தியதை. திக்கித் திக்கித்தான். கோர்ட்டில் ஒரு சொல் தடுமாறாதவர், என் ஒவ்வொரு சொல்லுக்கும் நாற்காலியில் நெளிந்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் பழைய ருசி எட்டிப்பார்த்தது. வேண்டுமென்றே நீளமான சொற்களாகத் தேடிப் பேசினேன். ‘ஒற்றுமை’ போதும் என்ற இடத்தில் ‘ஒருமைப்பாடு’ என்றேன். பொறுக்க முடியாமல் அவர் என் சொல்லை எடுத்து முடித்தார்.

உள்ளறை வாசலிலிருந்து அவள் குரல் வந்தது. “அ... அவ முடிக்கட்டும்பா.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் நகரவில்லை. நான் முடிக்கும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. நான் அவசரப்படவும் இல்லை.

இந்த வாரம் திரும்பி வந்துவிட்டாள். தலைவி பதவி வேறொருத்திக்குப் போய்விட்டது. வகுப்பில் சில பேர் இன்னும் அவளுடன் பேசுவதில்லை. திக்கல் முழுதாகவே திரும்பிவிட்டது, போக மாட்டேன் என்கிறது. நூலக மேசையில் நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினால் மற்ற நாலு பேரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். அவளே சிரிக்கிறாள்.

நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் போலிருக்கிறது, உன்னை மன்னித்துவிடச் சொல்லி அம்மா எழுதியிருந்தார். இப்போதைக்கு முடியவில்லை அக்கா. உனக்கு ஒரு தண்டனை வைத்திருக்கிறேன். இனி எல்லாவற்றையும் எழுதுவேன், நீ கேட்க விரும்பாததையும். நீ ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும்.

முதலாவது இது. போன கடிதத்தில் எழுதாமல் வைத்திருந்தேன். பெற்றோர் தினத்தன்று நீ பஸ் ஏறிய பிறகு, பெட்டி கட்ட அவளுக்கு உதவினேன். கீழே காரில் அவள் அப்பா ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் உன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பெட்டியை மூடிவிட்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து அவள் சொன்னது இவ்வளவுதான்:

“எனக்கும் இப்படி ஒரு அக்கா இருந்திருக்கலாம்.”

சுண்டு